நடக்கச் சொல்கிறார் டாக்டர்... விடுகிறதா ரோடு?

குடும்ப ஆரோக்கியத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது!

"தினமும் அரை மணி நேரம் நடங்க. சர்க்கரை, பிரஷர் ரெண்டுமே கட்டுக்குள்ள வந்துடும்."

டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். மாத்திரை என்றால் மருந்துக் கடையில் வாங்கிவிடலாம். இது ரோட்டில் கிடைக்கவேண்டிய மருந்தாயிற்றே! வாசலைத் தாண்டினால் பிளாட்பாரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி. அதைச் சுற்றி இறங்கினால் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்கள். அதையும் தாண்டினால் தோண்டிப்போட்ட பள்ளம். கடைசியில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து நடக்கவேண்டியிருக்கிறது. 'இதுக்கு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம்' என்று பாதிப் பேர் நடையை நிறுத்திவிடுகிறார்கள்.

இது சோம்பேறித்தனம் இல்லை, பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்திய ரோடுகளில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர் வாகனம் மோதி இறந்துபோனார்கள். தினமும் சுமார் 90 பேர்! காய்கறி வாங்கப் போனவர், ஸ்கூலிலிருந்து வந்த குழந்தை, கோயிலுக்குக் கிளம்பிய பாட்டி எல்லாரும் இதில் அடக்கம்.

கொசுவால் காய்ச்சல் வந்தால் மருந்து சாப்பிடுவதோடு நிறுத்துவோமா? தேங்கிய தண்ணீரையும் கொட்டுவோம் அல்லவா? அது மாதிரிதான் இதுவும். 'பார்த்துப் போ' என்று வீட்டில் சொல்வது அவசியம். ஆனால் அது பாதி மருந்துதான். மீதிப் பாதி ரோட்டின் அமைப்பில் இருக்கிறது. பரபரப்பான ஒரு கடைவீதியைக்கூட நிம்மதியாக நடக்கிற இடமாக மாற்ற முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

நடையைத் தொலைத்தால்...

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் 5 நாள், தலா அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தாலே கணக்கு சரியாகிவிடும். ஜிம்முக்குப் பணம் கட்டவேண்டாம். தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம். பஸ் ஸ்டாப்புக்கு, மார்க்கெட்டுக்கு, பேங்க்குக்கு என்று நடந்தாலே போதும்.

அந்த நடை நின்றுபோனால் என்ன ஆகும்? எடை கூடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். வயசானவர்களுக்கு இன்னும் கஷ்டம். வெளியே போகாமலிருந்தால் கால் தசைகள் பலம் இழக்கும், தடுமாற்றம் வரும். தடுமாற்றம் வந்தால் விழுந்துவிடுவோமோ என்று இன்னும் பயம். பயத்தால் இன்னும் வீட்டுக்குள்ளேயே... இப்படி ஒரு சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள். பேச்சுத் துணையும் போய்விடுகிறது. தாத்தா எந்நேரமும் டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று குறைப்படுகிறோமே, அவர் இறங்கி நடக்க நாலடி நல்ல பாதை இருக்கிறதா என்று யோசித்தோமா?

வேகம்தான் முதல் எதிரி

விபத்து நடந்தால் உடனே, 'பார்த்துக் கடந்திருக்கக் கூடாதா?' என்று அடிபட்டவரைத்தான் கேட்கிறோம். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. டிரைவர் உங்களைப் பார்த்து, மூளை உத்தரவு போட்டு, கால் பிரேக்கை மிதிக்க சுமார் ஒரு விநாடி. அதற்குள் கார் 8 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக மொத்தம் 13 மீட்டர்.

அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். நிற்க இன்னொரு 14 மீட்டர். மொத்தம் 28 மீட்டர். இது காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்றால். மழையில் இன்னும் அதிகம்.

இப்போது, 15 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டில் குதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ல் வந்த கார் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடும். 50-ல் வந்த கார் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும்போதே குழந்தையின் மேல் மோதியிருக்கும், கிட்டத்தட்ட முழு வேகத்தில்! குழந்தை செய்த தப்பு ஒன்றுதான். வித்தியாசம் வேகத்தில்.

மோதுகிற வேகம் கூடக் கூட உயிராபத்தும் கிடுகிடுவென்று ஏறும். 50 கிலோமீட்டரில் மோதுவதைவிட 65 கிலோமீட்டரில் மோதினால், நடப்பவர் உயிரிழக்கும் அபாயம் நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் ஜனங்கள் நடமாடும் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று பல நாடுகளில் விதி வைத்திருக்கிறார்கள்.

போர்டு மட்டும் வைத்தால் வேகம் குறைந்துவிடுமா? குறையாது. ரோடு அகலமாக, நேராக, காலியாக இருந்தால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். வண்டி ஓடும் பாதையின் அகலத்தைக் குறைத்தால், முனையில் திரும்பும் வளைவை இறுக்கமாக்கினால், கடக்கும் இடத்தை மேடாக்கினால் யாரும் சொல்லாமலே வேகம் குறையும். போலீஸ்காரர் 24 மணி நேரமும் நிற்க முடியாது. ரோடு நிற்கும்!

பாண்டி பஜாரில் என்ன செய்தார்கள்?

நம் ஊர் உதாரணமே ஒன்று இருக்கிறது. சென்னை தி.நகர் பாண்டி பஜார். தீபாவளி, பொங்கல் வந்தால் தோளோடு தோள் உரசித்தான் நடக்கவேண்டும் என்று பெயர் வாங்கிய இடம். பனகல் பார்க் பக்கமிருந்து நீளும் தியாகராயா ரோடு அது. ஒரு பக்கம் கடைகள், முன்னால் நிறுத்திய வண்டிகள், நடுவில் ஓயாத டிராபிக்.

இந்த ரோட்டை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சென்னை மாநகராட்சி மாற்றியமைத்தது. செலவு சுமார் 40 கோடி ரூபாய். 2019 நவம்பரில் 'நடைபாதை வளாகம்' என்று திறந்துவைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வண்டிகளை அடியோடு விரட்டவில்லை. பஸ்ஸும் காரும் இப்போதும் போகின்றன. வண்டிகளுக்கு இருந்த இடத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்குக் கூட்டினார்கள். ரோட்டில் போகிறவர்களில் நடப்பவர்கள்தான் மிக அதிகம் என்றால், இடத்திலும் அவர்களுக்குத்தானே பெரிய பங்கு?

இரண்டாவது, முதலில் ஒத்திகை பார்த்தார்கள். தற்காலிகத் தடுப்புகளை வைத்து, வண்டிகள் எப்படிப் போகின்றன, ஜனங்கள் எப்படி நடக்கிறார்கள் என்று கவனித்தபிறகுதான் நிரந்தர வேலை. புது மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கிற மாதிரி. ஒத்து வராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், நஷ்டமும் இல்லை.

மூன்றாவது, வெறும் கல்லைப் பதித்ததோடு விடவில்லை. பெஞ்சுகள், விளக்குகள், வண்டி ஏறாமலிருக்கக் குட்டைத் தூண்கள் எல்லாம் வந்தன. வண்டி நிறுத்தப் பக்கத்திலேயே பல அடுக்குக் கட்டடமும் வந்தது. பார்க்கிங்குக்கு வழி செய்யாமல் 'பிளாட்பாரத்தில் நிறுத்தாதே' என்றால் யார் கேட்பார்கள்?

பலன்? சாயந்தர நேரத்தில் போய்ப் பாருங்கள். எதையும் வாங்காமல்கூட பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற வயசானவர்கள் தெரிவார்கள். குறைகளே இல்லையா? உண்டு. தூண்களுக்கு நடுவே நுழைகிற டூவீலர்கள், உடைந்து ஆடுகிற கற்கள், கல்லைப் பெயர்த்து ஒட்டுப்போட்ட இடங்கள் என்று புகார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கட்டுவது ஒரு தடவை. காப்பாற்றுவது தினசரி வேலை.

நல்ல பிளாட்பாரத்துக்கு என்ன இலக்கணம்?

இதற்கு நம் நாட்டிலேயே விதிகள் உண்டு. இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு நடப்பவர்களுக்காகத் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. 2012-ல் அதைத் திருத்தியும் எழுதினார்கள். சாராம்சம் இதுதான்:

அகலம்: எந்தத் தடையும் இல்லாமல் 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய 6 அடி. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிராக வந்தாலும் இடிக்காமல் போகலாம். கடைவீதியில் இது 2.5 மீட்டராவது இருக்கவேண்டும்.

உயரம்: ரோட்டிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. அரை அடி, அவ்வளவுதான். நம் ஊரில் சில இடங்களில் ஒரு அடிக்கு மேலே கட்டிவிடுகிறார்கள். மூட்டுவலிக்காரர் எப்படி ஏறுவார்? 'எதுக்கு வம்பு' என்று ரோட்டிலேயே நடப்பார். பிளாட்பாரம் இருந்தும் அவருக்கு இல்லை!

தொடர்ச்சி: இதுதான் பெரும்பாலும் கோட்டைவிடுகிற இடம். ஒவ்வொரு வீட்டு கேட்டிலும், கடை வாசலிலும் பிளாட்பாரத்தை வெட்டி இறக்கிவிடுகிறார்கள். நூறு அடி நடப்பதற்குள் பத்து தடவை ஏறி இறங்கவேண்டும். உண்மையில் எப்படி இருக்கவேண்டும்? நடக்கிற பாதை ஒரே மட்டத்தில் போகவேண்டும். உள்ளே போகிற கார்தான் சரிவில் ஏறி இறங்கவேண்டும். காருக்கு மூட்டுவலி கிடையாதே!

மூணு பாகம்: கடையை ஒட்டி ஒரு பட்டை, நின்று வேடிக்கை பார்க்க. நடுவில் நடப்பதற்கு மட்டும் ஒரு பட்டை. ரோட்டை ஒட்டி மூன்றாவது பட்டை. மரம், விளக்குக் கம்பம், மின்சாரப் பெட்டி, பெஞ்ச், குப்பைத் தொட்டி எல்லாம் இந்த மூன்றாவதில்தான் இருக்கவேண்டும். நம் ஊரில் இவை நடுப்பட்டையில் நிற்பதால்தான் அத்தனை தொல்லை.

தரை: வழுக்காததாக இருக்கவேண்டும். பளபளவென்ற டைல்ஸ் பார்க்க அழகு. ஒரு தூறல் விழுந்தால் வழுக்கிவிட்டுவிடும். வயசான பெண்களுக்கு எலும்பு ஏற்கெனவே பலவீனம். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடும்.

கடக்கும் இடத்தில்தான் கண்டம்

பிளாட்பாரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிர்ப்பக்கம் போய்த்தானே ஆகவேண்டும்? ஜீப்ரா கோடு இருக்கும். ஆனால் வண்டிகள் அதன்மேலேயே வந்து நிற்கும். ஜீப்ரா கோட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிடவேண்டும் என்று 2017-ம் வருஷத்து வாகன ஓட்டும் விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கேயும் கோட்டை விட ரோட்டின் அமைப்புதான் முக்கியம். ஜீப்ரா கோடு போடும் இடத்தையே பிளாட்பாரத்தின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டால், அது கடக்கும் இடமாகவும் ஸ்பீடு பிரேக்கராகவும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பாட்டி இறங்காமலே கடக்கலாம். கார் மெதுவாக ஏறித்தான் ஆகவேண்டும். அகலமான ரோடு என்றால் நடு மீடியனில் நிற்க ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும். ஒரே மூச்சில் நாலு வரிசையைத் தாண்டுவதைவிட, இரண்டு இரண்டாகத் தாண்டுவது சுலபம் இல்லையா?

சிக்னல் கணக்கையும் பாருங்கள். நல்ல ஆரோக்கியமானவர் ஒரு விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பொதுவாக பச்சை விளக்கு நேரத்தைக் கணக்குப் போடுகிறார்கள். 14 மீட்டர் ரோட்டைக் கடக்க 12 விநாடி போதும். ஆனால் மெதுவாக நடக்கும் ஒரு முதியவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு 17, 18 விநாடி வேண்டும். 12 விநாடியில் விளக்கு மாறினால், அவர் நாலரை மீட்டர் மிச்சமிருக்கும்போது வண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். 5, 6 விநாடியைக் கூட்டிக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பாலம் கட்டினால் போதாதா?

'நடை மேம்பாலம் கட்டிட்டா பிரச்னை தீர்ந்ததே' என்று பலரும் சொல்வார்கள். சில இடங்களில் அது சரி. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை ஒரு நல்ல உதாரணம். ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டம் ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விடலாம். லிப்ட் வசதியும் உண்டு.

ஆனால் ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்குப் போக மட்டும் 40 படி ஏறி 40 படி இறங்கவேண்டும் என்றால், கையில் காய்கறிப் பையோடு யார் ஏறுவார்கள்? இதய நோயாளி? கர்ப்பிணி? லிப்ட் வேலை செய்யாவிட்டால் கதை முடிந்தது. படி ஏற முடியாதவர்கள் கீழேயே குறுக்கே ஓடுவார்கள். 'பாலம் இருக்கே, ஏன் ஓடினே?' என்று பழியும் அவர்கள் மேல். பெரும்பாலான தெருக்களில் தரைமட்டத்தில் பத்திரமாகக் கடக்க வழி செய்வதுதான் எல்லாருக்கும் ஏற்றது.

பத்திரம் மட்டும் போதுமா? சுகமும் வேண்டும்

ஏப்ரல், மே வெயிலில் நிழலில்லாத ரோட்டில் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். தலை சுற்றிவிடும். வேம்பு, புங்கை, பூவரசு மாதிரி நிழல் தரும் மரங்கள் அந்த மூன்றாவது பட்டையில் வரிசையாக இருந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும். மரத்தைச் சுற்றி சிமென்ட் பூசி கழுத்தை நெரிக்காமல், வேருக்குத் தண்ணீர் இறங்க மண் விடவேண்டும்.

புகையும் அப்படித்தான். வண்டிப் புகை ரோட்டின் நடுவில் அதிகம். தள்ளிப்போகப் போகக் குறையும். அகலமான பிளாட்பாரத்தில் உள்தள்ளி நடந்தால் நுரையீரலுக்குப் போகிற விஷமும் குறைவு. ஆஸ்துமாக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் சத்தம். நம் சட்டப்படி பகலில் குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல், கடைவீதியில் 65 டெசிபல்தான் எல்லை. ஹாரன் ஓயாத ரோட்டில் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். வருஷக்கணக்கில் இரைச்சலில் இருந்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும்.

இன்னொரு முக்கிய வசதி, கழிப்பிடம். சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கும். பெண்கள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். பிறகு சிறுநீர்த் தொற்றில் அவதிப்படுகிறார்கள். சுத்தமான கழிப்பிடமும், நாலு பெஞ்சும், குடிதண்ணீரும் இருக்கிற தெருதான் நிஜமாகவே நடக்கிற தெரு.

வண்டிகள் குறைந்தால் மனசுக்கும் நல்லது என்கிறது ஒரு பழைய ஆராய்ச்சி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற பேராசிரியர், ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் தினமும் 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் இருந்தவர்களுக்கு, வண்டி அதிகமான தெருவில் இருந்தவர்களைவிட அக்கம்பக்கத்தில் மூன்று மடங்கு நண்பர்கள் இருந்தார்கள்! இரைச்சலும் பயமும் ஜனங்களை வீட்டுக்குள்ளே பூட்டிவிடுகிறது என்று நிரூபித்தார். தெருக்களைக் காப்பாற்றப் பாடுபட்ட அந்த மனிதர், 1982-ல் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதித்தான் இறந்துபோனார் என்பது சோகம்.

'வியாபாரம் படுத்துடுமே!'

நடைபாதையை அகலப்படுத்தலாம் என்றதும் முதலில் எதிர்ப்பவர்கள் கடைக்காரர்கள்தான். 'கார் வாசல்ல நிக்கலைன்னா எவன் வருவான்?' என்பது அவர்கள் கவலை. இதே கவலை டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலும் இருந்தது. அங்கே ஸ்ட்ரோயெட் என்ற பெரிய கடைவீதியில் 1962 நவம்பரில் வண்டிகளைத் தடுத்து ஒத்திகை பார்த்தார்கள். கடைக்காரர்கள் கொதித்தார்கள். நடந்தது என்ன? கூட்டம் குறையவில்லை, கூடியது. 1964-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் தெரு இன்றைக்கும் நடப்பவர்களுக்கே சொந்தம். யோசித்துப் பாருங்கள், ஓடுகிற கார் எதையாவது வாங்குமா? நின்று பார்க்கிற மனுஷன்தானே வாங்குவான்!

நடைபாதை வியாபாரிகள்? பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் விரட்டினால் தெருவின் உயிரே போய்விடும். ராத்திரி நேரத்தில் தனியாக நடக்கும் பெண்ணுக்கு அவர்கள் இருப்பதே ஒரு தைரியம். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டமும் அவர்களுக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்கிறது. நடுப்பட்டையை விட்டு, ஓரப் பட்டையில் அவர்களுக்கு அளந்து இடம் கொடுத்தால் இருவருக்கும் நிம்மதி.

கேட்க நமக்கு உரிமை உண்டா?

தாராளமாக உண்டு. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொல்லியிருக்கிறது. ஆகவே பிளாட்பாரம் யாரோ போடும் பிச்சையில்லை.

கேட்கும் முறையும் ஒன்று இருக்கிறது. 'ரோடு சரியில்லை' என்று மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. குடியிருப்போர் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து, ஒரு டேப்போடு உங்கள் தெருவில் நடங்கள். எங்கே அகலம் 6 அடிக்குக் குறைகிறது, எங்கே உயரம் அரை அடியைத் தாண்டுகிறது, எந்தக் கம்பம் வழியில் நிற்கிறது என்று எழுதுங்கள். போட்டோவோடு கவுன்சிலரிடம் கொடுங்கள். சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் பதியலாம். புகார் நம்பரைக் குறித்துவைத்து விடாமல் கேளுங்கள். பட்டியலில் முதலிடம் ஸ்கூல் வாசல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப் இந்த மூன்றுக்கும் இருக்கட்டும்.

அதோடு, கொஞ்சம் கண்ணாடியும் பார்த்துக்கொள்ளலாம். பிளாட்பாரத்தை அடைத்திருப்பது எப்போதும் மற்றவர்கள்தானா? நம் வீட்டு கேட்டிலிருந்து ரோடு வரை சரிவு கட்டியது யார்? பூந்தொட்டி வரிசை யாருடையது? டிராபிக் ஜாமில் பிளாட்பாரத்தில் ஸ்கூட்டரை ஏற்றி ஓட்டியது நம் பிள்ளைதானே? 'ரெண்டு நிமிஷம்' என்று ஜீப்ரா கோட்டில் காரை நிறுத்திவிட்டு ஸ்வீட் வாங்கப் போனது? இவற்றை நிறுத்த எந்த அரசாங்க உத்தரவும் வேண்டாம்.

ரோடு மாறும்வரை... சில ஜாக்கிரதைகள்

* பிளாட்பாரம் இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடங்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும். இடது ஓரத்தில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது.

* நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடக்காதீர்கள். பஸ் கிளம்பிப் போகட்டும். பஸ்ஸை முந்தி வரும் டூவீலர்க்காரருக்கு உங்களைத் தெரியவே தெரியாது.

* 9, 10 வயசு வரை குழந்தைகளுக்கு வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் திறமை முழுசாக வராது. புத்திசாலிக் குழந்தையாக இருந்தாலும் சரி, பிஸியான ரோட்டைத் தனியாகக் கடக்க விடாதீர்கள். கையைப் பிடிப்பதைவிட மணிக்கட்டைப் பிடிப்பது நல்லது. உதறிக்கொண்டு ஓட முடியாது.

* சாயந்தரத்துக்குப் பிறகு வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் நிற உடை போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு உடை டிரைவர் கண்ணுக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

* கடக்கும்போது செல்போன், காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் வருகின்றன. காதை நம்பாமல் திரும்பிப் பாருங்கள்.

* சர்க்கரை நோயாளிகள் பாதத்தை முழுசாக மூடும் செருப்போ ஷூவோ போடாமல் நடக்கக்கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

* யாருக்காவது அடிபட்டால் 108-க்கு உடனே போன் செய்யுங்கள். கழுத்து, முதுகில் அடி என்று சந்தேகம் இருந்தால், ஆபத்தான இடமாக இல்லாதவரை தூக்கிப் புரட்டாதீர்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்று தயங்கவேண்டாம். நல்ல மனசோடு உதவுகிறவர்களுக்கு 2019-ம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அவசர சிகிச்சை இலவசம்.

எட்டு வயசுப் பேரனும் எழுபது வயசுத் தாத்தாவும் துணைக்கு வேறு ஆள் இல்லாமல் கைகோத்துப் போய், கடையில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு பத்திரமாகத் திரும்பி வர முடிகிறதா? உங்கள் தெரு நல்ல தெருவா என்று பார்க்க இந்த ஒரு பரீட்சை போதும். முடியவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு, கையில் ஒரு டேப்போடு தெருவில் இறங்கிவிடுங்கள். அளந்து முடிப்பதற்குள் அன்றைய அரை மணி நேர நடையும் முடிந்துவிடும்!